சப்ரகமுவ தோட்டங்களின் பழைய ரிவோல்வர்: மதிப்பும் பாதுகாப்பும்

சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, றப்பர் தோட்டங்களில் துரைமார் வைத்திருந்து, பிறகு வாரிசுகளிடமோ வேறு உரிமக்காரரிடமோ சென்ற சுழல்துப்பாக்கிகளே இங்கு பழைய ரிவோல்வர் எனப்படுகின்றன. பெரும்பாலும் பிரித்தானியத் தயாரிப்பு. ஆறு தோட்டா கொள்ளும். எழுபது, எண்பது வயதுக்குக் குறையாதவை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் வேட்டைத் துவக்கே அதிகம். காட்டுப்பன்றியை விரட்ட அதுதான் உதவும். ரிவோல்வர் துரையின் இடுப்புக்கும் சம்பளப் பணம் வரும் நாளுக்கும் உரியதாக இருந்தது.

இவை இங்கு வந்து சேர்ந்ததில் படைத்துறைக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரைக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை 1900இல் உருவாகி 1949 வரை இயங்கியது. அதன் வீரர்கள் 1915இல் கலிப்பொலி வரை சென்றார்கள். அக்காலப் பிரித்தானிய அதிகாரிகள் தங்கள் ரிவோல்வரைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். படையின் தோட்டா அதில் பொருந்தினால் போதும். அப்படி வாங்கியது அரசின் சொத்தல்ல, அதிகாரியின் சொத்து. படையை விட்டு விலகிய பின்னும் அவரிடமே இருந்தது.

வாங்க நினைப்பவர் ஆயுதத்துக்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. 1996இன் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ரிவோல்வருக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவை. உரிமம் ஆளுக்கு உரியது; துவக்கோடு சேர்த்துக் கைமாற்ற முடியாது. தகப்பன் இறந்ததும் அலுமாரியில் இருப்பது தானாகவே மகனுடையதாகிவிடாது. 1972இன் நிலச் சீர்திருத்தம், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது, 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவானது என்று தோட்டங்களே மூன்று முறை கைமாறியிருக்கின்றன. இந்த மாற்றங்களுக்கிடையே தொடர்ச்சியான பதிவோடு வந்த ரிவோல்வருக்கு மட்டுமே விலை பேசலாம். பதிவு இல்லாததை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

இந்த மாகாணத்தில் அந்தக் கண்டிப்புக்கு வலுவான காரணம் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டபோது, கேகாலை மாவட்டத்தின் பகுதிகள் கிளர்ச்சியாளர் கையில் இருந்தன. 1987 முதல் 1989 வரையான இரண்டாம் கிளர்ச்சியில் கிளர்ச்சியாளர்கள் வீடுவீடாகச் சென்று உரிமத் துவக்குகளைப் பறித்தார்கள். அந்த நாட்களில் காணாமற்போன துவக்கு ஒன்று பின்னாளில் யாரிடமாவது விற்பனைக்கு வந்தால், அதன் இலக்கம் எந்த முறைப்பாட்டில் இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது.

காகிதம் சரியானால் அடுத்த கேள்வி, எந்த மாதிரி என்பது. பெரியது வெப்லி மார்க் 6. 1915இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்டது; .455 தோட்டா; நடுவே மடிந்து திறக்கும். சிறியவை வெப்லி மார்க் 4, என்ஃபீல்ட் எண் 2, இரண்டும் .38 வகை. என்ஃபீல்டை 1932இல் படை ஏற்றது. மூன்றாவது, அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் போர்க்காலத்தில் பிரித்தானியாவுக்கு அனுப்பிய விக்டரி மாதிரி.

இவற்றில் மிக ஆபத்தானது மாற்றி வெட்டப்பட்ட வெப்லி. போருக்குப் பின் .455 தோட்டா கிடைப்பது அரிதானது; அமெரிக்காவில் விற்கப்பட்ட மார்க் 6களில் பல, உருளையின் பின்முகத்தைச் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டாவை அரைநிலவு வடிவத் தகட்டுக் கவ்வியில் பொருத்திச் சுடும்படி மாற்றப்பட்டன. தோட்டா உள்ளே போகும், வெடிக்கும், குண்டும் வெளியேறும். ஆனால் .455 தோட்டா சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 இறாத்தல் அழுத்தம் கொடுக்க, .45 ஏ.சி.பி. 21,000 இறாத்தல் வரை கொடுக்கிறது. ஒவ்வொரு சூடும் பழைய உருளைக்கு, அதன் வலிமையைச் சோதிக்கச் செய்யும் மிகைச் சுமைச் சூட்டை நெருங்கிய சுமை. நூறு முறை தாங்கியது நூற்றியோராவது முறை பிளக்கலாம். உருளையின் பின்முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் சீவிய தடம் தெரியும். அந்த இடத்தின் உலோகம் மட்டும் பளபளப்பாக இருக்கும். அது இருந்தால் அந்த ரிவோல்வர் சுடுவதற்கு உதவாது, அலுமாரிக்கு மட்டுமே.

.38 வகையில் வேறு கோளாறு. விக்டரி மாதிரியின் அறைகள் குட்டையும் சற்று அகலமுமான தோட்டாவுக்காகத் துளைக்கப்பட்டவை. போருக்குப் பின் பல துவக்குகளின் அறைகளை நீட்டி, நீளமான .38 ஸ்பெஷல் தோட்டா போகச் செய்தார்கள். அறையின் பின்பகுதி அகலமாகவே இருப்பதால் தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பும், சில வேளை பிளக்கும். சுட்ட வெற்றுக்கூட்டை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தால் வயிறு தள்ளியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

கீழே விழுந்தால் வெடிப்பதும் பழைய ரிவோல்வரின் நோய். 1944 இறுதியில் விழுந்த விக்டரி ஒன்று வெடித்து அமெரிக்கக் கடற்படையாள் ஒருவர் இறந்தார். அதன் பிறகு, தோட்டாவை அடிக்கும் குதிரையைத் தடுக்கும் புதிய பாகம் பொருத்தினார்கள். அந்தத் துவக்குகளின் தொடர் இலக்கத்தின் முன் வி என்ற எழுத்துக்குப் பதிலாக எஸ்.வி. பொறிக்கப்பட்டது. என்ஃபீல்டிலும் 1942இல் வந்த ஒரு மலிவான போர்க்கால மாற்றம் இந்தத் தடுப்பை நீக்கியது; போருக்குப் பின் பெரும்பாலானவற்றில் அது மீண்டும் பொருத்தப்பட்டது. பொருத்தப்படாதது எதையும் எல்லா அறைகளிலும் தோட்டா போட்டு வைத்திருக்கலாகாது.

உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ துவக்குத் தொழிலறிந்தவரிடமோ, தோட்டா இல்லை என்று எல்லா அறைகளையும் கண்டு உறுதிசெய்த பின்பே சோதனை தொடங்கும். விசையை இழுத்தபடியே உருளையை இருபுறமும் அசைத்தால் அது ஆடக் கூடாது. ஆடினால் குண்டு குழலின் வாயில் நேராக நுழையாமல் விளிம்பில் உரசி ஈயத் துணுக்கைச் சிதறும். பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு அது போதும். மடிந்து திறக்கும் வெப்லியில் பூட்டும் கீலும் தேய்ந்திருந்தால் குழல் மேலும் கீழும் அசையும். இவற்றைப் பழுதுபார்க்கப் பகுதிகள் எளிதில் கிடைப்பதில்லை.

குழலின் உள்ளே பார்ப்பது சப்ரகமுவவில் தனிக் கவனம் வேண்டும் வேலை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. பழைய தோட்டாக்களின் தீப்பற்றும் மருந்து சுட்டபின் உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, சுடுநீரால் கழுவ வேண்டும். அதைச் செய்யாதவர்களின் குழல் சொறிபிடித்துக் குழிவிழுந்திருக்கும். தோலுறையும் நல்லதல்ல: ஈரத்தைப் பிடித்து, உறை படும் இடமெல்லாம் துருவாக்கும். பெரிய பங்களாவின் கண்ணாடி அலுமாரியில் அழகாக உறையோடு இருந்த ரிவோல்வர், உறையிலிருந்து எடுத்ததும் பாதி விலைக்கு வந்துவிடும்.

கருமருந்துக் காலத்தில் செய்யப்பட்டதா, புகையில்லா மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை முத்திரை சொல்லும். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கு அடையாளமாக, பர்மிங்காம் சோதனைச் சாலை 1904 விதிகளுக்குப் பின் கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகளைப் பொறித்தது. படையிலிருந்து விற்றுக் கழித்ததற்கு, முனைகள் ஒன்றையொன்று நோக்கும் இரண்டு அம்புகள். குழல், உருளை, சட்டகம் மூன்றிலும் ஒரே இலக்கம் இருந்தால் சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார். நிக்கல் பூசிப் புதிதாக்கியதற்குக் குறைவாகவே கொடுப்பார். மெருகேற்றும்போது முத்திரை அழிவதும் உண்டு.

இந்தியாவில் இந்தக் கணக்கு வேறு. அங்கே 1980களின் நடுவில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், உரிமம் பெற்றவர்களிடையே பழைய வெப்லி அண்ட் ஸ்காட் ரிவோல்வர்கள் பல இலட்சம் ரூபாய்க்குக் கைமாறின. கான்பூரின் சிறு ஆயுதத் தொழிற்சாலை செய்த .32 ரிவோல்வரின் அமைப்பே வெப்லியின் வழிவந்தது. இலங்கையில் அப்படியொரு திறந்த சந்தை இல்லை. 2024 இறுதியில், தற்காப்புக்காகப் பொதுமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ஆகவே இங்கு விலை கேட்பவர், இந்த ஆண்டின் புதுப்பித்தல் சான்றையும் கைமாற்ற அனுமதி கிடைக்குமா என்பதையும் முதலில் கேட்கிறார். துவக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.