1572-ல் அச்சான கள்ளிக்கோட்டை படம்: எவ்வளவு நம்பலாம்?

கடலில் கப்பல்கள், கரையில் மரக்கலம் கட்டும் ஆட்கள், வலை வீசும் மீனவர்கள், பின்னால் மலைகள். கள்ளிக்கோட்டையின் (இன்றைய கோழிக்கோடு) இந்தப் பழைய படம் உங்கள் டைம்லைனிலும் வந்திருக்கலாம். '1572-ல் கேரளா இப்படித்தான் இருந்தது' என்று ஷேர் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் கொலோன் நகரில் வெளியான 'சிவிடேட்டஸ் ஆர்பிஸ் டெர்ராரம்' என்ற நகர அட்லஸில் இருந்து. தொகுத்தவர் பாதிரியார் கியோர்க் பிரௌன். செப்புத் தகடுகளில் செதுக்கியவர்களில் முக்கியமானவர் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க். 1572 முதல் 1617 வரை 6 தொகுதிகள், 500-க்கும் மேற்பட்ட நகரக் காட்சிகள். பெரும்பாலானவை ஐரோப்பிய ஊர்கள்.

நேரில் பார்த்து வரைந்ததா?

இல்லை. இவர்கள் இருவரும் இந்தியா வந்ததே கிடையாது. பிறர் வரைந்த படங்களை வைத்துத்தான் பல ஊர்களைச் செதுக்கினார்கள். 1572 என்பது அச்சான ஆண்டு, பார்த்த ஆண்டு அல்ல.

ஏன் கள்ளிக்கோட்டை?

அதே தாளில் இருக்கும் மற்ற ஊர்களைப் பாருங்கள்: கண்ணூர், ஹோர்முஸ், ஆப்பிரிக்காவின் எல்மினா. நான்குமே போர்ச்சுகீசியர்கள் கோட்டை கட்டிய துறைமுகங்கள். கள்ளிக்கோட்டையில் இருந்த கோட்டையை அவர்கள் 1525-லேயே கைவிட்டுவிட்டார்கள். இதே தொகுதியில் கோவா, டையூ உண்டு, மதுரை கிடையாது. அதாவது, கப்பல் போன ஊர்தான் 'உலக'த்துக்குள் வந்தது. டேட்டா மொழியில் சொன்னால், சாம்பிளே ஒரு பக்கம் சாய்ந்தது.

என்ன விடுபட்டது?

மலை. படத்தில் அது ஆள் நடமாட்டம் குறைந்த வெறும் பின்னணி. ஆனால் கப்பல்கள் தேடி வந்த மிளகும் ஏலக்காயும் விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரங்களிலும்தான். உடும்பஞ்சோலையின் இன்றைய ஏலத்தோட்டங்கள் பிற்காலத்தவை. ஆனாலும் அங்கே வேலைக்குப் போன குடும்பம் உங்களுடையது என்றால் இது சட்டெனப் புரியும்: மலையில் ஒருத்தர் பறிக்காமல் துறைமுகத்துக்குச் சரக்கு வராது. அவர் படத்தில் இல்லை.

வாங்கப் போகிறீர்களா?

தாளின் ஓரத்தில் செப்புத் தகடு அழுந்திய தடம், நடுவில் மடிப்பு, பின்பக்கம் அச்சிட்ட எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அட்லஸ் பலமுறை மறுபதிப்பானது. அதனால் '1572' என்று விற்கும் தாள் பிந்தைய பதிப்பாகவும் இருக்கலாம்.