மகிழ்மதி: திரையில் எழுந்த பேரரசும் நருமதைக் கரையின் பழநகரும்

2015 சூலையில் ‘பாகுபலி’ வெளியானபோது தமிழ்ப் பதிப்பு அந்நாட்டை ‘மகிழ்மதி’ என்று அழைத்தது. கேட்பதற்கு இனிய பெயர்; மகிழ்ச்சியும் மதியும் அதில் ஒலிக்கின்றன. ஆயின் மூலப்பெயர் மாஹிஷ்மதி. மகிஷ்மான் என்னும் ஹைஹய அரசன் அமைத்த நகரம் என்று புராண மரபு அதற்குக் காரணம் கூறுகிறது. திரைப்படத்தின் நாடு முற்றிலும் கற்பனை. பெயர் கற்பனையன்று. அப்பெயருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

பௌத்தரின் தீக நிகாயம் அவந்தி நாட்டின் தலைநகராக இதனைக் குறிக்கிறது. பதஞ்சலியின் மகாபாடியம் ஓர் இலக்கண எடுத்துக்காட்டில், உச்சயினியிலிருந்து புறப்பட்டவன் மாஹிஷ்மதியில் கதிரவன் எழக் காண்பதைச் சொல்கிறது. இரு நகரங்களுக்கும் இடைத்தொலைவு நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனை ஓர் இரவில் கடப்பது வியப்புக்குரியது என்பதே எடுத்துக்காட்டின் உயிர். காளிதாசனின் இரகுவமிசத்திலும் இந்நகர் இடம்பெறுகிறது. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் நருமதையின் வடகரையிலுள்ள மகேசுவரமே அது என்பர் பலர். ஓங்காரேசுவரத்து மாந்தாதா தீவு என்பாரும் உளர்.

மகேசுவரத்திலும் எதிர்க்கரை நவதாதோலியிலும் எச். டி. சங்காலியா தலைமையில் 1950களில் அகழாய்வுகள் நிகழ்ந்தன. செம்புக்காலக் குடியிருப்பின் வட்டக் குடிசைகளும் சதுரக் குடிசைகளும், வண்ணம் தீட்டிய மண்கலங்களும், கோதுமை, பருப்பு முதலிய தானியங்களும் அங்கே கிடைத்தன. திரையில் விண்முட்டும் கோபுரங்கள். மண்ணுக்கடியில் உழவர் வீடுகள். எனினும் உழவர் தங்கிய கரையில்தான் பின்னாளில் அரசுகள் தங்கின என்பதை மறக்கலாகாது.

படையைப் பற்றிய செய்திகளுக்கு வருவோம். மகாபாரதத்தின் சபா பருவத்தில், தென்திசை வெற்றிக்குச் சென்ற சகதேவன் மாஹிஷ்மதியின் நீலனோடு பொருகிறான். அந்நகருக்கு அக்கினியே காவல். சகதேவனின் தேரும் பரியும் களிறும் தீப்பற்றுகின்றன. அவன் தீக்கடவுளை வேண்டிப் பணிந்த பின்னரே நீலன் திறை தருகிறான். திரைப்படத்தின் பெரும்போரிலும் எண்ணெய் தோய்ந்த துணிகளை எதிரிமேல் வீசி எரியம்பால் கொளுத்துவர். கதாசிரியர் அறிந்து செய்தாரோ, தற்செயலோ, மாஹிஷ்மதியும் நெருப்பும் மீண்டும் இணைந்தன.

அப்போரில் பல்வாள்தேவன் ஏறிவரும் தேரின் முன்னே வாள்கள் சுழல்கின்றன. இதற்கொப்பான பழஞ்செய்தி மகத வேந்தன் அசாதசத்துருவைப் பற்றியது. வைசாலியரோடு அவன் நடத்திய போரில் ‘இரதமுசலம்’ என்னும் தேர் பேரழிவு விளைத்ததாகச் சமண ஆகமமான பகவதி சூத்திரம் கூறுகிறது. முசலம் என்பது உலக்கை. அதனை வாளாக்கியது பிற்காலக் கற்பனை.

இதிகாச மரபு படையை அக்குரோணியால் அளக்கும். ஓர் அக்குரோணிக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டினால் 18 வரும். மொத்தத் தொகையான 2,18,700க்கும் அதுவே. பருவம் பதினெட்டு, போர் நாள் பதினெட்டு, அக்குரோணி பதினெட்டு என்று அமைந்த காவியத்தின் கணக்கு இது. பாசறையில் தலையெண்ணி எழுதியதன்று. கற்பனை அரசின் படைக்கு எண்ணிக்கை புனைவது இக்காலத்தார் தொடங்கிய வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

கருதத்தக்க வேறுபாடு பகைவரிடத்தில் உள்ளது. திரையில் மகிழ்மதியைத் தாக்குவோர் காலகேயர். கரிய மேனியும் சடைமுடியும் கொண்ட, பேச்சு விளங்காத கூட்டம். மகாபாரதத்திலோ காலகேயர் இரணியபுரம் என்னும் அழகிய வான்நகரில் வாழ்ந்த தானவர். அருச்சுனன் அவர்களை அழிக்கிறான். நகரவாசிகள் திரையில் காட்டுமிராண்டிகளாயினர். அவர்களுக்கெனக் கவிஞர் மதன் கார்க்கி ஏறத்தாழ 750 சொற்களும் 40 விதிகளும் கொண்ட ‘கிளிக்கி’ மொழியை வகுத்தார். இலக்கணம் உடைய மொழியைப் பேசுவோரை இலக்கணமற்றவர்போல் காட்டியது படத்தின் முரண்.

நருமதைக் கரையின் உண்மைப் பகைமை வேறுவகையானது. ஆறாம் நூற்றாண்டில் மாஹிஷ்மதியிலிருந்து ஆண்டவராக அறிஞர் மிராஷி கருதும் காலச்சூரியர், வாதாபிச் சாளுக்கியரோடு மோதினர். மங்களேசன் புத்தராசனை வென்று, கவர்ந்த செல்வத்தைத் தன் இறைவன் கோயிலுக்கு அளித்ததை மகாகூடத் தூண் கல்வெட்டு பொறித்துள்ளது. இரு தரப்பாரும் வெள்ளியும் கோயிலும் கல்வெட்டும் உடைய அரசர்கள். போரின் நோக்கம் பொருளும் நிலமும். கொடியவரை ஒழித்தல் அன்று.

கட்டப்பாவின் கதையும் இவ்வாறே. அரியணைக்கு அடிமையாய்க் குலத்தோடு கட்டுண்டவன் அவன். உறுதிமொழி வீரர்கள் வரலாற்றில் இருந்தனர். போசள வேந்தன் இரண்டாம் வீரவல்லாளனோடு உயிர்நீத்த கருடன் குவர லட்சுமனுக்கு அலேபீடில் கல்வெட்டு உண்டு. ஈழத்தில் பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டு வேளைக்காரப் படையினரின் காவல் உடன்படிக்கையைப் பதிவு செய்கிறது. அதே வேளைக்காரர், சோழரை எதிர்க்கப் புறப்படுமாறு முதலாம் விசயபாகு ஏவியபோது மறுத்துக் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தியதைச் சூளவமிசம் கூறும். அவர்களின் விசுவாசத்துக்கு எல்லையும் இருந்தது. மறுக்கும் குரலும் இருந்தது. கட்டப்பாவுக்கு இரண்டும் இல்லை. ஏன் கொன்றான் என்று 2017 வரை நாடே வினவியது. அவனால் ஏன் மறுக்க முடியவில்லை என்னும் வினா அத்துணை உரக்க எழவில்லை.

புனைவு வரலாறாக இருக்கக் கடமைப்பட்டதன்று. காவியமும் புராணமும் மாஹிஷ்மதியைத் தம் விருப்பப்படி புனைந்தவையே. திரைப்படம் அவ்வரிசையில் புதிய வரவு. புனைவை வரலாறென்று கொள்வோர்க்கு மட்டும் ஓர் இழப்பு நேர்கிறது. பகைவனும் மொழியுடையவன், ஏவலனும் மறுக்க வல்லவன் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பொற்சிலைகளின் ஒளியில் அச்செய்தி கண்ணுக்குத் தெரிவதில்லை.