ஆடாத கப்பலைத் தேடி

2024 ஜனவரி 27ஆம் நாள் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து 'ஐக்கான் ஆஃப் த சீஸ்' என்னும் உல்லாசக் கப்பல் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அதன் நீளம் 365 மீட்டர். தளங்கள் இருபது. அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள் அதில் செல்லலாம். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர். பணியாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனி. ஒரு சிற்றூரையே பெயர்த்தெடுத்துக் கடலில் மிதக்க விட்டது போன்ற காட்சி.

இத்தகைய கப்பலில் முதன்முறையாக விடுமுறையைக் கழிக்கத் திட்டமிடுபவர் என்னென்ன கேட்பார்? எந்த அறை நல்லது, எந்த மாதம் ஏற்றது, கட்டணம் எவ்வளவு என்பவை வாய்விட்டுக் கேட்கும் கேள்விகள். குமட்டல் வருமா, கப்பல் கவிழுமா என்ற இரண்டும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள். கட்டணத்தைப் பயண முகவரிடமே விட்டுவிடுவோம். மற்றவற்றுக்கு விடை வேண்டுமானால் இருநூற்றெண்பது ஆண்டுக் கப்பல் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில், கவிழுமா என்ற அச்சம் நியாயமானதுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் கடலுக்கு வந்த 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்' என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்கு மேலே அதன் உயரம் 72 மீட்டர். நீருக்குள் மூழ்கியிருப்பதோ சுமார் 9.3 மீட்டர்தான். பார்த்தால், தீப்பெட்டியைக் குறுக்கு விளிம்பில் நிறுத்தி வைத்தாற்போல் தோன்றும். பத்திரிகைகள் இதனை 2,25,000 டன் கப்பல் என்று எழுதின. ஆனால் அந்த 'டன்' எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளிடத்தைக் கன அளவாகக் கொண்டு, ஒரு வாய்பாட்டால் பெறும் எண் அது. உண்மை எடையை ஆர்க்கிமிடீசின் விதியைக் கொண்டு நீங்களே மதிப்பிடலாம். நீளம் 361 மீட்டர், நீர்மட்டத்தில் அகலம் 47 மீட்டர், மூழ்கிய ஆழம் 9.3 மீட்டர். மூன்றையும் பெருக்கி, முன்னும் பின்னும் கப்பல் கூராகக் குறுகுவதற்காக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால், இடம்பெயரும் நீர் ஒரு லட்சம் டன்னை ஒட்டி வரும். கப்பலின் எடையும் அதுவே.

சரி, இவ்வளவு உயரமான பொருள் எப்படி நிமிர்ந்து நிற்கிறது? எடை கீழே இருப்பதால்தான் என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். எஞ்சின்களும் எண்ணெயும் நன்னீரும் அடித்தளத்தில் இருப்பது உண்மையே. ஆயினும் இத்தகைய கப்பல்களில் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது! அப்படியிருந்தும் அவை கவிழ்வதில்லை. ஏன் என்பதைத் தெளிவாக விளக்கியவர் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர். பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட குழுவில் இருந்தவர் அவர். ஆண்டிஸ் மலைகளில் அளவுக் கருவிகளோடு அலைந்த ஆண்டுகளிலேயே கப்பலைப் பற்றிய நூலையும் எழுதினார். அது 1746இல் வெளிவந்தது.

கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் அதிக நீர் இடம்பெயர்கிறது. எனவே நீர் மேல்நோக்கித் தள்ளும் புள்ளி, அதாவது மிதப்பு மையம், சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அங்கிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு வரையுங்கள். கப்பலின் நடுக்கோட்டை அது வெட்டும் இடத்துக்குப் பூகே 'மெட்டாசென்டர்' என்று பெயரிட்டார். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும் வரை கப்பல் நிமிரும். மேலே போனால் கவிழும். மிதப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள தொலைவு அகலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதுதான் இதில் அழகானது. ஒயாசிசை ஒரு நீள்சதுரப் பெட்டியாகப் பாவித்தால், 47ஐ 47ஆல் பெருக்கி, பன்னிரண்டு மடங்கு ஆழத்தால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 20 மீட்டர் கிடைக்கும். கப்பலைத் தாங்கி நிற்பது அதன் அகலமே.

அப்படியானால் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கவலை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் குமட்டல் குறுக்கிடுகிறது.

பிரித்தானியப் பொறியாளர் புரூனெல் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' 1858இல் நீரில் இறங்கியது. 211 மீட்டர் நீளம். நாலாயிரம் பேர் செல்லலாம். அதன் நீளத்தை மிஞ்ச 1899 வரை வேறொரு கப்பல் பிறக்கவில்லை. இந்த அளவுடைய கப்பல் அலையில் எப்படி ஆடும் என்பதை அறிய விரும்பிய புரூனெல், தம்முடன் ரயில்பாதை வேலையில் இருந்த வில்லியம் ஃப்ரூட் என்பவரிடம் அந்த ஆய்வை ஒப்படைத்தார். 1861இல் ஃப்ரூட் தம் முடிவுகளை வெளியிட்டார். அலை கப்பலை அறைந்து சாய்க்கிறது என்ற எண்ணத்தை அவர் மாற்றினார். கப்பல் ஓர் ஊசல். அதற்கென ஓர் இயற்கை அலைவு நேரம் உண்டு. அலைகள் அதே கால இடைவெளியில் வந்தால் ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிவிடும் என்றார். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவது போலத்தான். நாம் ஒத்ததிர்வு என்கிறோம்.

அதே 1861 செப்டம்பரில் கிரேட் ஈஸ்டர்ன் அட்லாண்டிக் புயலில் சிக்கியது. இருபக்கத் துடுப்புச் சக்கரங்களும் போயின, சுக்கானும் உடைந்தது. செலுத்த வழியின்றி அலைகளுக்குப் பக்கம் காட்டிக் கிடந்த மாபெருங் கப்பல் உருண்டு உருண்டு ஆடியது. அலங்கார மண்டபத்து மேசை நாற்காலிகள் அங்குமிங்கும் மோதித் தூளாயின. பெரிய கப்பல் ஆடாது என்ற நம்பிக்கையும் அவற்றோடு நொறுங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த நம்பிக்கை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது!

ஃப்ரூட்டின் ஆய்விலிருந்து ஒரு முரண் வெளிப்பட்டது. மெட்டாசென்டர் ஈர்ப்பு மையத்துக்கு எவ்வளவு உயரே இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் கப்பல் நிமிர்கிறது. அதாவது அலைவு நேரம் குறைகிறது. ஒயாசிசைப் போன்ற அகலமுள்ள கப்பலில் இந்த உயரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 27 விநாடி ஆகும். உயரத்தை நான்கு மடங்காக்கி 8 மீட்டர் ஆக்கினால் அது பாதியாகி, 13 விநாடியை ஒட்டி வந்துவிடும். பெருங்கடல் அலைகளின் கால இடைவெளியும் அந்த அளவில்தான் இருக்கிறது. கவிழாமைக்காக நிலைப்பை அளவுக்கு மீறிக் கூட்டினால் கப்பல் வெடுக்கு வெடுக்கென்று ஆடும், பாத்திரங்கள் உடையும், பயணிகள் படுத்த படுக்கையாவர். சுகத்துக்காகக் குறைத்தால் ஆட்டம் நிதானமாக இருக்கும், ஆபத்து நெருங்கும். பாதுகாப்பும் சுகமும் ஒன்றையொன்று இழுக்கும் இந்தக் கயிற்றில்தான் கப்பல் வடிவமைப்பாளர் நடந்தாக வேண்டும்.

மெட்டாசென்டரை மட்டும் நம்பினால் போதாது என்பதை 1870 செப்டம்பரில் 'கேப்டன்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் காட்டியது. நீர்மட்டத்துக்கு மேல் அதன் பக்கச்சுவர் மிகத் தாழ்வு. ஓரளவு சாய்ந்ததுமே மேல்தட்டின் விளிம்பு நீரில் மூழ்க, நிமிர்த்தும் விசை தேய்ந்துபோயிற்று. ஸ்பெயின் கரைக்கப்பால் புயலில் கவிழ்ந்து சுமார் 480 பேர் மாண்டனர். உடன் சென்ற, பக்கச்சுவர் உயர்ந்த 'மோனார்க்' தப்பியது. ஊசல் வாய்பாடு சிறு கோணங்களுக்கே பொருந்தும் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதன் விலை இது.

விடுமுறைக்குப் புறப்பட்டவர்களுக்கே நேர்ந்த துயரம் ஒன்றும் உண்டு. பலர் அறியாதது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் இடமோ 1,178 பேருக்குத்தான். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அன்றைய பிரித்தானிய விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றையும் ஒரே வகையாக வைத்திருந்தது. டைட்டானிக்கோ 46,000 டன். கப்பல் வளர்ந்தது, விதி வளரவில்லை. ஆயிரத்தைந்நூறு பேர் இறந்த பின்னர், எல்லாருக்கும் படகு வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது. அமெரிக்காவிலும் 1915இல் சட்டம் வந்தது. அங்கே ஏரிகளில் ஓடிய 'ஈஸ்ட்லாண்ட்' என்ற உல்லாசக் கப்பலுக்குப் புதிய படகுகளும் மிதவைகளும் ஏற்றப்பட்டன. அவற்றை வைத்த இடம் மேல்தட்டு! ஏற்கெனவே சாயும் பழக்கமுள்ள கப்பல் அது. 1915 ஜூலை 24ஆம் நாள் காலை, சிக்காகோ ஆற்றில், ஒரு தொழிற்சாலை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சுமார் 2,500 பேர் சிற்றுலாவுக்காக ஏறினர். பலர் மேல்தட்டுகளுக்குச் சென்றனர். ஈர்ப்பு மையம் இன்னும் உயர்ந்தது. கரையில் கட்டிய நிலையிலேயே கப்பல் பக்கவாட்டில் உருண்டு படுத்தது. 844 பேர் இறந்தனர். உயிர் காக்க ஏற்றிய சுமையும் அவர்கள் உயிரைக் குடித்ததில் பங்கு கொண்டது.

நீரே எதிரியான கதையும் உண்டு. 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் 'நார்மண்டி' தீப்பற்றியபோது, அணைக்கக் கொட்டிய நீர் மேல்தளங்களில் தேங்கி, சாய்ந்த பக்கமெல்லாம் ஓடி, கப்பலையே கவிழ்த்துவிட்டது. தட்டு நிறைய ரசத்தை ஏந்தி நடந்தவர்களுக்கு இந்த இயற்பியலை விளக்கவே வேண்டியதில்லை. இன்றைய உல்லாசக் கப்பல்களின் உச்சியில் நீச்சல் குளங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கப்பலின் அகலத்தோடு ஒப்பிட்டால் அவை குறுகியவை; நீர் ஓடிச் சேரும் தொலைவு சிறிது.

ஆட்டத்தை அடக்கப் பலவும் முயன்றார்கள். 1932இல் ஓடத் தொடங்கிய இத்தாலியின் 'கோன்டி டி சாவோயா'வில் ஒவ்வொன்றும் சுமார் 100 டன் எடையுள்ள மூன்று சுழல் சக்கரங்களை, கைராஸ்கோப் முறையில் வைத்தார்கள். அந்த வழி பெருங்கப்பல்களில் வேரூன்றவில்லை. வென்றது மீனின் வழிதான். நீருக்கடியில் இருபுறமும் சிறகுகள். கப்பல் வலப்பக்கம் சாயும்போது வலச்சிறகு மேலே தூக்கும்படியும் இடச்சிறகு கீழே அழுத்தும்படியும் திரும்பும். 1950களில் பெரிய பயணக் கப்பல்களில் இவை பரவின. உருளுவதில் பேர்பெற்ற 'குவீன் மேரி'க்கு 1958இல்தான் இவற்றைப் பொருத்தினர். சிறகின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், கப்பல் மெல்லச் செல்லும்போது பயன் குறைவு, நின்றால் இல்லை. மேலும் இவை பக்கவாட்டு ஆட்டத்தையே தணிக்கும். மூக்கு எழுந்து எழுந்து விழும் முன்பின் ஆட்டத்தை ஒன்றும் செய்வதில்லை.

குவீன் மேரி அந்த நலத்தைப் பெற்ற அதே 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. கப்பல் ஏறுவதற்கான பழைய காரணம் மறைந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு 'ரஜூலா'வில் சென்ற நம்மவர்கள் பிழைப்புக்காகவே அலைகளைப் பொறுத்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு வருபவர் ஏன் பொறுக்க வேண்டும்? ஆகவே வேகம் போய்ச் சுகம் முன்வந்தது. 1962இல் ஓடத் தொடங்கிய 'பிரான்ஸ்' என்ற விரைவுக் கப்பல் 1974இல் நிறுத்தப்பட்டு, 1980இல் 'நார்வே' என்ற உல்லாசக் கப்பலாக மயாமிக்கு வந்தது. அதன் எஞ்சின்களில் ஒரு பகுதியையே ஓய்வில் வைத்துவிட்டார்கள். தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு திறனே போதும். இன்றைய பெருங்கப்பல்களெல்லாம் இந்த நிதானத்தின் வாரிசுகள்.

இப்போது அறைக்கு வருவோம். முன்பின் ஆட்டத்தில் கப்பலின் நடுப்பகுதி தராசின் முள்ளைப் போலக் கிட்டத்தட்ட நிலையாக இருக்கும். ஒரு பாகைச் சாய்வுக்கு, நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி மூக்கருகே உள்ள அறை இரண்டரை மீட்டருக்கு மேல் எழுந்து தாழும். 20 மீட்டர் தள்ளியுள்ள அறையோ ஒரு முழத்துக்கும் குறைவாக. பக்கவாட்டு ஆட்டத்துக்கும் இதே கணக்கு. உயரத்தில் இருப்பவருக்கே வீச்சு அதிகம். எனவே கீழ்த்தளத்தில் நடு அறையைக் கேளுங்கள். விலை மிகுந்த அறைகள் பெரும்பாலும் உச்சியில் இருப்பதால், இயற்பியல் இங்கே சிக்கனக்காரரின் பக்கம் நிற்கிறது. ஐந்தாறு விநாடிக்கொரு முறை மேலும் கீழும் நிகழும் அசைவுதான் மனிதனை அதிகம் குமட்டச் செய்கிறது என்று 1970களில் நடந்த சோதனைகள் காட்டின. பெருங்கப்பலின் அசைவுகள் அதைவிட நிதானமானவை என்பதே அதன் மெய்யான அனுகூலம்.

மாதத்தைப் பொறுத்தவரை, உல்லாசப் பயணத்தின் தந்தை எனத்தக்க ஆல்பர்ட் பாலின் 1891இலேயே வழி காட்டினார். குளிர்கால அட்லாண்டிக்கில் ஆள் ஏறாமல் கிடந்த 'அகஸ்டா விக்டோரியா'வை அவர் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். கடலைத் தேர்ந்த பிறகே கப்பல். கரீபியன் கடலுக்கு என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். 2016 பிப்ரவரியில், ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட 'ஆந்தம் ஆஃப் த சீஸ்' அமெரிக்கக் கரைக்கப்பால் புயலில் அகப்பட்டு, பயணத்தை முடிக்காமலே திரும்ப நேர்ந்தது. ஆகவே குளிர்கால வட அட்லாண்டிக்கையும் எளிதாக எண்ண வேண்டாம்.

கடைசியாக, கப்பலில் ஏறிய முதல் மணி நேரம். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் கீல்யோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியது. கப்பலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். படகுகளுக்குக் குறைவில்லை, ஆனால் கப்பல் மிகவும் சாய்ந்துவிட்டதால் உயர்ந்த பக்கத்துப் படகுகளை இறக்குவது பெரும்பாடாயிற்று. 32 பேர் இறந்தனர். அன்று மாலைதான் ஏறிய சில நூறு பேருக்கு, ஆபத்து வேளையில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை; 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 ஜனவரி முதல் அனைத்துலக விதி மாறி, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே பயிற்சி நடக்க வேண்டும் என்றாகியிருக்கிறது. அறைக்கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் படத்தில் உங்கள் கூடுமிடத்தைப் பாருங்கள். படியில் இறங்கி அங்கே ஒருமுறை நடந்து வாருங்கள். ஏழு குறுகிய ஒலிகள், அடுத்து ஒரு நீண்ட ஒலி: எல்லாக் கப்பல்களிலும் அதுவே அபாய அறிவிப்பு.