கொங்கு நாட்டு உரோமானிய வெள்ளிக் காசுகளும் பேரரசு உருவங்களும்

முன்னுரை

சங்ககாலத் தகடூரே இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உறுதி செய்கின்றது. தகடூருக்குத் தெற்கே விரியும் கொங்கு நாடு, உரோமானிய வெள்ளிக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த பகுதியாகும். 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த 522 வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோருடையவை. இக்காசுகளின் உருவங்கள் இங்கு எவ்வாறு பொருள் கொள்ளப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

காசுகளில் அரசியல்

தென்னிந்தியப் புதையல்களில் இரு வகைகள் மேலோங்கியுள்ளன. அகஸ்டசின் காசில் ஒருபுறம் பேரரசரின் தலையும், மறுபுறம் கேடயம், ஈட்டிகளுடன் நிற்கும் காயஸ், லூசியஸ் ஆகியோரின் உருவங்களும் உள்ளன. அகஸ்டஸ் மகன்களாக ஏற்ற பெயரர்களான இவர்களை வாரிசுகளாக அறிவிப்பதே அக்காசின் நோக்கம். ஆயின் லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தனர். அரியணை திபேரியசுக்குச் சென்றது. அவருடைய காசின் மறுபுறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்துள்ள பெண்ணை, அவருடைய தாய் லிவியா எனப் பலர் கருதுவர். வாரிசுகள் மறைந்த பின்னரும் அவர்கள் உருவம் தாங்கிய காசுகள் கொங்கில் செல்வமாகப் போற்றப்பட்டன. இங்கு மதிக்கப்பட்டது அரசியல் செய்தியன்று, வெள்ளியே எனலாம்.

உருவமும் எடையும்

பிளினியின் குறிப்பொன்று இதற்குத் துணை நிற்கின்றது. கிளாடியஸ் காலத்தில் காற்றால் இலங்கைக்கு அடித்துச் செல்லப்பட்ட உரோமானியர் ஒருவரிடம் இருந்த காசுகளில் உருவங்கள் வேறுபட்டிருந்தும் எடை ஒத்திருந்ததைக் கண்டு, அந்நாட்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தான் என்கிறார் அவர். கி.பி. 64இல் நீரோ, ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 ஆக இருந்த காசுகளை 96 ஆக்கி, வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். அதற்குப் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன. நம்பிக்கைக்கு அடிப்படை முகமன்று, எடையும் தூய்மையுமே என்பதை இது காட்டுகின்றது.

சேரர் காசு

எனினும் உருவம் முற்றிலும் புறக்கணிக்கப்படவில்லை. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில், உரோமானியத் தலையுருவை ஒத்த மன்னன் முகத்துடன் 'மாக்கோதை' எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. 'குட்டுவன் கோதை' என்னும் பெயருடைய காசும் அவ்வகையினதே. முகத்தை அமைக்கும் முறை உரோமிலிருந்து வந்தது; பெயரும் எழுத்தும் தமிழ் வேந்தனுக்குரியவை.

முடிவுரை

உரோமானிய வெள்ளிக் காசு கொங்கில் முதலில் உலோகமாக மதிக்கப்பட்டது. பின்னர் சேரரின் கையில் அரசுரிமையை அறிவிக்கும் வடிவமாயிற்று. ஆகவே தமிழகத்தை உரோம் வணிகத்தின் சந்தையாக மட்டும் காண்பது பொருந்தாது. வந்த பொருளை எடைபோட்டு ஏற்று, அதன் வடிவைத் தனதாக்கிக் கொண்ட அரசியல் அறிவும் இங்கு இருந்தது.