கடைக்குப் போவமா, பார்சல் எடுப்பமா?

2020 ஜூன் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஊரடங்கு எடுபட்ட பிறகு எங்கட வட்ஸ்அப் குழுவில் வந்த முதல் பெரிய சண்டை அரசியலைப் பற்றியது இல்லை. கொத்துச் சாப்பிடக் கடைக்குப் போறதா, இல்லாட்டி பார்சல் எடுத்துக்கொண்டு வந்து ஆரின்டையாவது வீட்டு முற்றத்தில இருந்து சாப்பிடுறதா என்பதுதான் சண்டை. "வாசலில கை கழுவிப்போட்டு உள்ள போனா ஒண்டும் செய்யாது" என்றான் ஒருவன். "உனக்குச் செய்யாது, என்ர வீட்டில அம்மம்மா இருக்கிறா" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஆள் கேட்டதுதான் எங்களைக் கொஞ்சம் குழப்பியது: "நாங்க ஒருத்தரும் போகாட்டி அந்தக் கடைப் பொடியள் எப்பிடிச் சீவிக்கிறது?"

கடைசியில் பாதிப்பேர் போனோம், பாதிப்பேர் போகவில்லை. போனவர்கள் வாசலில் இருந்த கொப்பியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதினோம். நெற்றியில் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு கதிரையில் சிவப்பு ரேப்பால் பெரிய புள்ளடி. அதெல்லாம் முடிந்து உள்ளே போய், யன்னல் எல்லாம் பூட்டின ஏசி அறைக்குள் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்து கத்திக் கத்திக் கதைத்தோம். அதில் என்ன பிழை என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியிருக்க வேண்டிய ஆட்களுக்கே விளங்கவில்லை என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தோம்.

கதை 2020 ஜனவரி 24இல், சீனாவின் குவாங்சோ நகரில் தொடங்குகிறது. அன்று சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள். வூஹானில் இருந்து அதற்கு முதல்நாள் வந்திருந்த ஒரு குடும்பம் ஒரு ரெஸ்டூரன்டின் மூன்றாம் மாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தது. அவர்களில் ஒருவருக்கு அன்று பின்னேரமே காய்ச்சலும் இருமலும் தொடங்கின. அடுத்த இரண்டு கிழமைக்குள் அந்த மேசையிலும் அதற்கு இரண்டு பக்கமும் இருந்த மேசைகளிலுமாக மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரு பக்கத்து மேசைக் குடும்பம் அவர்களோடு ஒரே நேரத்தில் இருந்தது 53 நிமிடம், மற்றது 73 நிமிடம். மேசைகளுக்கு இடையில் ஒரு மீற்றர் அளவு தூரம். அதே தளத்தில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கும், பரிமாறிய 8 ஊழியர்களுக்கும் ஒன்றும் வரவில்லை.

ஏன் அந்த மூன்று மேசை மட்டும்? ஆய்வாளர்கள் அறையின் படத்தைக் கீறிப் பார்த்தபோது அந்த மூன்று மேசையும் ஒரே ஏசியின் காற்றோட்டத்தில் ஒரே வரிசையில் இருந்தது தெரிந்தது. ஏசி ஒரு முனையில் இருந்து தள்ளிய காற்று மூன்று மேசையையும் தடவிப் போய், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. முதலில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, எச்சில் துளிகளை ஏசி தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று சொன்னது. பிறகு ஹொங்கொங் பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ யுகுவோவின் குழு அதே இடத்துக்குப் போய் அளந்து பார்த்தது. அறைக்கு யன்னல் இல்லை. சுவரில் இருந்த, காற்றை வெளியே இழுக்கும் ஃபேன்கள் பூட்டி அடைக்கப்பட்டிருந்தன. ஒரு ஆளுக்கு செக்கனுக்கு ஒரு லீற்றர் புதுக் காற்றுக்கூட வரவில்லை. வழமையாக எதிர்பார்க்கப்படுவது 8 முதல் 10 லீற்றர். அதாவது ஒருவர் விட்ட மூச்சை மற்றவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டால் உடனே என்ன செய்யத் தோன்றும்? யன்னலைத் திறக்கத் தோன்றும். ஆனால் உலகம் அந்த வருடம் மேசையைத் துடைத்தது. 2020 மார்ச் 28இல் உலக சுகாதார அமைப்பு, இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று சமூக ஊடகங்களில் அடித்துச் சொல்லியிருந்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாக எழுத வேண்டி வந்தது. அந்த அமைப்பு தன் இணையப் பக்கத்தில் தெளிவாக மாற்றி எழுத 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அதுவரை கை கழுவும் தண்ணித் தொட்டி, சிவப்புப் புள்ளடி, வாங்கின சாமானுக்கே கிருமிநாசினி. எங்கட ஊர்க் கடைக்காரர் செய்ததும் அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான். அவரில் பிழை சொல்ல ஏலாது.

ஒரு மீற்றர் இடைவெளி என்ற கணக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத் தென்கொரியா காட்டியது. ஜெயோன்ஜு நகரில் 2020 ஜூனில் ஒரு உயர்தரப் பாடசாலை மாணவிக்குத் தொற்று வந்தது. எங்கிருந்து என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பேராசிரியர் லீ ஜு-ஹியுங் குழு கண்காணிப்புக் கமராப் பதிவுகளைத் தேடியபோது ஒரேயொரு சந்திப்புத்தான் கிடைத்தது: வேறு ஊரில் இருந்து வந்த, தொற்று இருந்த ஒருவரும் இந்த மாணவியும் ஒரு ரெஸ்டூரன்டில் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம்? 5 நிமிடம். எவ்வளவு தூரம்? 6.5 மீற்றர். ஆய்வாளர்கள் அந்தக் கடைக்குள்ளேயே காற்றின் வேகத்தை அளந்தார்கள். சீலிங்கில் இருந்த ஏசியின் காற்று நேரே அந்தப் பக்கமாக அடித்திருக்கிறது. அந்த ஆளுக்கு இன்னும் கிட்ட, ஆனால் காற்றோட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு மேசைக்கும் முகக்கவசத்துக்கும் உள்ள இந்தச் சிக்கல் புதுசும் இல்லை. 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சல் அடித்தபோது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒக்டோபர் கடைசியில் முகக்கவசச் சட்டம் கொண்டுவந்தது. தெருவில் போட வேண்டும், பொது இடத்தில் போட வேண்டும், இரண்டு பேர் கூடினாலும் போட வேண்டும், போடாதவர்களைப் பிடித்து அடைத்தார்கள். அவ்வளவு கடுமையான சட்டத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு: சாப்பிடும்போது தேவையில்லை. வேறு என்னதான் எழுதுவது? வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதற்குச் சட்டம் போட ஒருவராலும் முடியாது. நூறு வருடம் கழித்து, எழும்பி நடக்கும்போது முகக்கவசம், இருந்தவுடன் தேவையில்லை என்ற விதியை உலகம் முழுக்கப் பார்த்தோம். வைரஸ் இருக்கிற ஆளை விட்டுவிட்டு நடக்கிற ஆளை மட்டும் பிடிக்கும் என்று நாங்கள் அப்போது பகிடி விட்டோம்.

இதில் இன்னொரு வேடிக்கை. ரெஸ்டூரன்ட் என்ற பிரெஞ்சுச் சொல், 18ஆம் நூற்றாண்டுப் பரிஸில் உடம்பைத் தேற்றும் ஒருவகை இறைச்சி ரசத்தைத்தான் குறித்தது. உடம்பு ஏலாத ஆட்கள், அதிகம் சாப்பிட முடியாதவர்கள், தனி மேசையில் இருந்து அந்த ரசத்தைக் குடிக்கப் போன இடந்தான் மெல்ல மெல்ல இன்றைய ரெஸ்டூரன்ட் ஆனது. சுகம் தேடிப் போன இடம்.

இந்த அறிவெல்லாம் 2020 நடுப்பகுதிக்குள் முழுசாக இல்லாவிட்டாலும் துண்டு துண்டாக வந்துவிட்டது. குவாங்சோ ஆய்வு ஏப்ரலிலேயே வெளியாகிவிட்டது. அப்படி இருக்க, சனத்தைக் காசு கொடுத்துக் கடைக்குள் அனுப்பிய ஒரு நாட்டின் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

இங்கிலாந்தில் ஜூலை 4இல் கடைகளும் பப்களும் திறந்தன. நான்கு நாள் கழித்து நிதியமைச்சர் ரிஷி சுனக் ஒரு திட்டத்தை அறிவித்தார். வெளியில் சாப்பிட்டுக் கைகொடுங்கள் என்பது அதன் பெயரின் கருத்து. ஓகஸ்ட் 3 முதல் 31 வரை, திங்கள், செவ்வாய், புதன் நாட்களில் கடையில் சாப்பிட்டால் பாதிக் காசை அரசாங்கம் கொடுக்கும், ஆளுக்கு 10 பவுண் வரை. மதுபானத்துக்குக் கிடையாது. கவனிக்க வேண்டியது அடுத்த நிபந்தனை: பார்சலுக்கும் கிடையாது. கடையிலேயே இருந்து சாப்பிட்டால் மட்டுந்தான். லண்டனில் இருந்த எங்கட சொந்தங்கள் அந்த மாதம் அனுப்பின சாப்பாட்டுப் படங்கள் இப்பவும் எங்கட போன்களில் கிடக்கின்றன. நாங்களும் பொறாமைப்பட்டுத்தான் பார்த்தோம்.

நியாயம் இல்லாமல் அந்தத் திட்டம் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அந்தத் துறையின் நிறுவனங்களில் 80 வீதம் மூடிக் கிடந்தன. 14 இலட்சம் ஊழியர்கள் அரசாங்கம் கொடுத்த சம்பளத்தில் வீட்டில் இருந்தார்கள். கடைப் பொடியள் எப்பிடிச் சீவிக்கிறது என்று எங்கட குழுவில் கேட்கப்பட்ட அதே கேள்விதான், ஒரு அரசாங்கத்தின் அளவில். திட்டத்தில் 16 கோடிச் சாப்பாடுகளுக்கு மேல் போயின. செலவு 84 கோடி பவுணைத் தாண்டியது.

ஒக்டோபரில் வோரிக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் தீமோ ஃபெட்சர் ஒரு ஆய்வு வெளியிட்டார். அவர் செய்தது எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு காரியம்: மழையைப் பார்த்தார். சலுகை இருந்த நாட்களில் மத்தியானமும் இரவும் சாப்பாட்டு நேரத்தில் மழை பெய்த பகுதிகளில் சனம் கடைக்குப் போனது குறைவு. அந்தப் பகுதிகளில் பிறகு வந்த தொற்றும் குறைவு. அவருடைய கணக்கின்படி அந்தக் காலத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தொற்றுக் கொத்தணிகளில் 8 முதல் 17 வீதம் வரை இந்தத் திட்டத்தோடு சேர்த்துச் சொல்லக்கூடியவை. கடைகளுக்குக் கிடைத்த நன்மையோ சலுகை முடிந்ததோடு கரைந்துவிட்டது. நிதியமைச்சு இந்த முடிவை ஏற்கவில்லை. நவம்பர் 5இல் இங்கிலாந்து திரும்பவும் பூட்டப்பட்டது, கடைகளும்தான். அந்தப் பூட்டுக்கு இந்தத் திட்டம் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாம் திறந்த காலம் அது.

2023இல் நடந்த விசாரணையில் வெளிவந்தது இன்னும் மோசம். அரசாங்கத்தின் தலைமை விஞ்ஞான ஆலோசகராக இருந்த பற்றிக் வலன்ஸ், அறிவிக்கும் வரைக்கும் இந்தத் திட்டம் தங்களுக்குத் தெரியாது என்றார். தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விற்றி இதைத் தனிப்பட, வைரஸுக்குக் கைகொடுக்கும் திட்டம் என்று நக்கலாகச் சொன்ன கதையும் அங்கேதான் வந்தது. டிசெம்பரில் சாட்சியமளித்த சுனக், அப்போது பிரதமராக இருந்தவர், திட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அறிவித்ததற்கும் தொடங்கியதற்கும் இடையில் ஆட்சேபிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது என்பது அவருடைய வாதம். எங்களுக்கு அந்த வாதம் ஏறவில்லை. ஒரு தொற்றுநோய்க் காலத்தில் சனத்தை உள்ளே கூப்பிடும் ஆள்தான் முதலில் கேட்க வேண்டும்.

இவ்வளவு நேரமும் நாங்கள் கதைத்தது மேசையில் இருந்து சாப்பிட்ட ஆட்களைப் பற்றி. எங்கட வட்ஸ்அப் சண்டையும் அப்படித்தான் போனது: எனக்கு வருமா, அம்மம்மாவுக்கு வருமா. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 செப்டெம்பரில் வெளியிட்ட ஒரு ஆய்வும், தொற்று வந்தவர்கள் வராதவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு அளவில் ரெஸ்டூரன்டுக்குப் போயிருந்தார்கள் என்றது. அதுவும் போனவர்களைப் பற்றித்தான். வெளி முற்றத்தில் இருந்து சாப்பிட்டார்களா, உள்ளே இருந்தா என்று அதில் பிரித்துக் கேட்கவுமில்லை.

சமையற்கட்டைப் பார்த்தது கலிபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வு. 2020 மார்ச் முதல் ஒக்டோபர் வரை, வேலை செய்யும் வயதில் இறந்தவர்களைத் தொழில் வாரியாகப் பிரித்து, வழமையான வருடங்களோடு ஒப்பிட்டார்கள். மிகக் கூடிய அதிகரிப்பைக் காட்டிய தொழில்களில் முன்னுக்கு நின்றவர்கள் தாதியர் இல்லை, ரெஸ்டூரன்ட் சமையற்காரர். அவர்களுடைய இறப்பு வழமையை விட 60 வீதம் கூடியிருந்தது. வெக்கையான, ஒடுக்கமான அறை, தோளோடு தோள் நின்று வேலை, அடுப்புச் சத்தத்துக்கு மேலால் கத்த வேண்டிய நிலை, சுகமில்லை என்று வீட்டில் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. நாங்கள் ஒரு மணித்தியாலம் போய் வரும் காற்றுக்குள் அவர்கள் பத்து மணித்தியாலம்.

எங்கட ஊரில் கடைக்குள் ஆர் இருக்கலாம், ஆர் வெளியே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு வேறொரு வரலாறும் உண்டு. சமமாக உள்ளே இருந்து ஒரே கிளாசில் தேத்தண்ணி குடிக்கும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன, உயிர்களும் போயின. பெருந்தொற்றோடு கடதாசிக் கப் வந்து, "வெளியில நிண்டு குடியுங்கோ" என்று கடைக்காரர் சொன்னபோது எங்கட குழுவில் ஒருவனின் அப்பப்பா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி வாங்காமலே திரும்பி நடந்தார். சுகாதாரத்துக்காகத்தான் என்று பேரன் விளங்கப்படுத்தினான். அவருக்கும் அது தெரியும்.

2020 சண்டையில் கடைப் பொடியளைப் பற்றிக் கேட்ட அந்த மூன்றாவது ஆளிடம் இந்தக் கட்டுரையை எழுத முதல் திரும்பக் கதைத்தோம். அவனுடைய அண்ணா அந்த நேரம் ஒரு கடையில் கொத்துப் போடுகிற வேலை. அதை அவன் அப்போது எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. "கடை திறந்தது சந்தோசந்தான், சம்பளம் வந்தது" என்றான். "ஆனா அண்ணா மூண்டு மாதம் வீட்டுக்குள்ள படுக்கேல்லை. விறாந்தையில பாயைப் போட்டுத்தான் படுத்தவர். அம்மாவுக்குச் சலரோகம்." வாசலில் கை கழுவ வைத்த தொட்டி அந்தக் கடையில் இன்றைக்கும் இருக்கிறது. தண்ணி வருவதில்லை. சமையற்கட்டுக்கு ஒரு ஃபேன் பூட்டச் சொல்லி அண்ணா அப்போது கேட்டிருக்கிறார். போன வருடந்தான் பூட்டினார்களாம், அதுவும் புகை வாடிக்கையாளர் பக்கம் வருகிறது என்று ஆரோ முறைப்பாடு சொன்ன பிறகு.