கைத்தொலைபேசியில் வங்கி அட்டை: கவனம் தேவைப்படுவது சேர்க்கும் நேரத்தில்

உங்கள் வங்கி அட்டை பணப்பையில் பத்திரமாக இருக்கிறது. கைத்தொலைபேசியும் கையிலேயே இருக்கிறது. ஆனால் எங்கோ ஒரு கடையில் அதே அட்டையின் பெயரில் பொருட்கள் வாங்கப்படுகின்றன. யாரோ ஒருவர் உங்கள் அட்டையைத் தனது கைத்தொலைபேசியில் சேர்த்துவிட்டதால் இது நடக்கிறது. இதைத் தடுக்க, அட்டை எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

டோக்கன் என்பது என்ன?

அப்பிள் பே, கூகுள் வொலட் போன்றவற்றில் அட்டையைச் சேர்க்கும்போது, கடைகளில் செலுத்துவதற்கு அட்டையின் உண்மையான எண் பயன்படுவதில்லை. விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்புகள் வங்கியின் அனுமதியுடன் அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணை வழங்குகின்றன. இதுவே டோக்கன். இது அந்தக் கைத்தொலைபேசிக்கு மட்டும் உரியது. பணம் செலுத்தும் ஒவ்வொரு தடவையும், அந்தக் கொடுப்பனவுக்கு மட்டும் செல்லுபடியாகும் மறைகுறியீடு ஒன்றும் இதனுடன் அனுப்பப்படுகிறது.

எனவே கடையின் கணினிக்குள் யாராவது ஊடுருவினாலும் உங்கள் அட்டை எண் அங்கே கிடைக்காது. கைரேகையோ, முக அடையாளமோ, பின் இலக்கமோ கேட்கப்படுவதால், அட்டையை இன்னொருவர் கையில் கொடுப்பதைவிட இது பாதுகாப்பானது. பலவீனம் இருப்பது அட்டையைச் சேர்க்கும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான்.

மோசடி நுழையும் இடம்

அப்பிள் பே 2014 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமானது. திருடப்பட்ட அட்டை விவரங்களை மோசடிக்காரர்கள் தங்கள் ஐபோன்களில் சேர்த்துப் பொருட்கள் வாங்குவது 2015 இன் தொடக்கத்திலேயே தெரியவந்தது. தொழில்நுட்பத்தை யாரும் உடைக்கவில்லை. அட்டையைச் சேர்ப்பவர் அதன் உரிமையாளர்தானா என்பதைச் சில வங்கிகள் சரிவரச் சோதிக்கவில்லை.

இன்று பல வங்கிகள் இந்தச் சோதனைக்கு ஓ.டி.பி எனப்படும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை அனுப்புகின்றன. அதனால் மோசடிக்காரர்கள் அந்த இலக்கத்தையே கேட்டு வருகிறார்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்திகளை இலங்கையில் பலர் கண்டிருப்பார்கள். பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அட்டை எண், காலாவதித் திகதி, பின்புறமுள்ள 3 இலக்கங்கள், கடைசியாக ஓ.டி.பி என ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். நீங்கள் இங்கே நிரப்பும் விவரங்களை மறுமுனையில் ஒருவர் தனது கைத்தொலைபேசியில் பதிய முடியும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஒரு கொள்வனவுக்கான ஓ.டி.பியைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைதான் போகும். அட்டையைச் சேர்ப்பதற்கான ஓ.டி.பியைக் கொடுத்துவிட்டால் அட்டையையே கொடுத்ததாகிவிடும். அதன்பின் கடைகளில் கைத்தொலைபேசியைத் தொட்டுச் செலுத்தும்போது உங்களிடம் ஓ.டி.பி கேட்கப்படாது.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

• கைத்தொலைபேசியின் வொலட் செயலி அல்லது உங்கள் வங்கியின் செயலி மூலம் மட்டுமே அட்டையைச் சேருங்கள். குறுஞ்செய்தியிலோ வட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பு வழியாக வேண்டாம்.

• ஓ.டி.பி வந்தால் இலக்கத்தை மட்டும் பார்க்காமல், அது எதற்காக அனுப்பப்பட்டது என்பதையும் வாசியுங்கள். நீங்கள் அட்டையைச் சேர்க்காத வேளையில் அப்படியொரு செய்தி வந்தால், அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

• உங்கள் கைத்தொலைபேசியில் வேறு யாருடைய கைரேகை பதிந்திருக்கிறது என்று பாருங்கள். அவர்களாலும் பணம் செலுத்த முடியும்.

• ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கின் அட்டையைத் தவிர்த்து, குறைந்த தொகை உள்ள கணக்கின் அட்டையைச் சேர்ப்பது நல்லது.

• கைத்தொலைபேசியை விற்பதற்கோ உறவினருக்குக் கொடுப்பதற்கோ முன்னர் அட்டையை நீக்கி, தரவுகள் அனைத்தையும் அழியுங்கள்.

பணம் போய்விட்டால்

முதலில் அட்டையை முடக்குங்கள். அத்துடன் நின்றுவிடக் கூடாது. மசாசூசெட்ஸ் அம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று 2024 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க வங்கிகளில் இருந்த ஒரு குறைபாட்டைக் காட்டியது. பழைய அட்டைக்குப் பதிலாகப் புதிய அட்டை வழங்கப்பட்ட பின்னரும், மோசடிக்காரரின் வொலட்டில் இருக்கும் டோக்கன் தொடர்ந்து இயங்கக்கூடும் என்பதே அது. ஆகவே, “இந்த அட்டை எந்தெந்தச் சாதனங்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது? எல்லா டோக்கன்களையும் நீக்கிவிட்டீர்களா?” என்று வங்கியிடம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துடன் தொடர்புகொள்ளலாம். போலி இணைப்புகள் பற்றி இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 மூலம் அறிவிக்கலாம். பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். அட்டை மோசடிகளுக்கென 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளர் மீதே சுமத்திவிடவும் முடியாது. ஓ.டி.பி குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அதில் புரிவது இலக்கம் மட்டுமே. “உங்கள் அட்டை புதிய கைத்தொலைபேசியொன்றில் சேர்க்கப்படுகிறது, இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புவது வங்கிகளால் முடியாத காரியமல்ல. அடுத்த தடவை வங்கிக்குப் போகும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.