நான்கு மணி நேர ஒளி

ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் மங்கிய புகைத்திட்டு ஒன்றை நாம் வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆயின், எத்துணை நேரம் உற்று நோக்கினும் அதன் உருவம் துலங்குவதில்லை. கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை. புகைப்படத் தகடோ சிறுகச் சிறுகச் சேர்க்கும்.

லிவர்ப்பூலில் கட்டட ஒப்பந்தக்காரராய்ப் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். 1888 டிசம்பர் 29ஆம் நாள், அந்நகரை அடுத்த மகல் என்னும் ஊரில், 20 அங்குல ஆடித் தொலைநோக்கியால் நான்கு மணி நேரம் அத்திட்டைப் படமெடுத்தார். பூமியின் சுழற்சிக்கேற்பக் கருவியும் வழுவாது நகர்தல் வேண்டும். சற்றே பிசகினும் விண்மீன்கள் கோடுகளாகிவிடும்! தகட்டிலே சுருள் வளைவுகள் தெளிவாய்த் தோன்றின.

புதியதொரு சூரிய மண்டலம் உருவாகின்றது என அவர் கருதினார். அக்கருத்துப் பிழையானது. அது பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் பேரமைப்பு என்பதற்கான சான்றை ஹப்பிள் 1923இல் கண்டார். ராபர்ட்ஸ் 1904இலேயே மறைந்துவிட்டார்.